பாம்பு இல்லாத புற்று

ஆச்சியின் வெற்றிலைப் பெட்டி பித்தளையில் செய்தது. மூடியைத் திறந்தால் ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலை, பக்கத்து அறையில் கொட்டைப்பாக்கு, மூலையில் சுண்ணாம்பு டப்பி, எல்லாவற்றுக்கும் மேலே பாக்குவெட்டி. பல் விழுந்த பிறகு பெட்டிக்குத் துணையாக ஓர் இரும்புச் சிற்றுரலும் வந்து சேர்ந்தது. மூன்றையும் அதில் இட்டு இடித்துக் கொடுப்பது விடுமுறைக்குப் போகும் பேரப்பிள்ளைகளின் வேலை. எனக்கு அப்போது எட்டு வயது. இடிக்க இடிக்க உரலுக்குள் சிவப்பு ஊறிவரும். வெற்றிலை பச்சை, பாக்கு பழுப்பு, சுண்ணாம்பு வெள்ளை. இந்தச் சிவப்பு எதற்குள் ஒளிந்திருந்தது?

ஒரு மதியம் ஆச்சி கண்ணயர்ந்த நேரத்தில் சோதித்தே பார்த்துவிட்டேன். வெற்றிலையை வெள்ளைச் சுவரில் தேய்த்தேன். பச்சைக் கோடு விழுந்தது. பாக்கை ஈரக் கல்லில் உரசினேன். மண் நிறத்தில் கலங்கல் வந்தது. சுண்ணாம்பு விரலை அரித்ததோடு சரி. ஆச்சி எழுந்து சுவரைப் பார்த்துவிட்டு முதலில் திட்டினாள். பிறகு நான் எதற்காக அதைச் செய்தேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "தனித்தனியே தேடினால் எப்படி ஐயா கிடைக்கும்? மூன்றையும் சேர்த்து மென்றால்தான் வரும்" என்றாள்.

ஆச்சி சொன்ன விடை மிகப் பழையது என்பது எனக்கு இருபது ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. உலகாயதர் என்றும் சார்வாகர் என்றும் பெயர் பெற்ற பழைய பொருள்முதல்வாதிகளின் வாதமாக இந்தியத் தத்துவ நூல்கள் எடுத்துச் சொல்லும் உவமைகளில் ஒன்று இதே தாம்பூலச் சிவப்பு. மண், நீர், தீ, காற்று ஆகிய எதிலும் அறிவு கிடையாது. அவை உடலாகக் கூடும்போது அறிவு தோன்றுகிறது. இலையிலும் பாக்கிலும் சுண்ணாம்பிலும் இல்லாத சிவப்பு வாயில் தோன்றுவது போல. நம் மொழியில் இதே கட்சி மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் பேசுகிறது. வஞ்சி மாநகரில், முனிவர் வேடத்தில் இருக்கும் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டுக்கொண்டே வருகிறாள். கடைசியில், மண், நீர் முதலிய பூதங்களே எல்லாம் என்னும் பூதவாதி வருகிறான். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் பிறவற்றையும் கூட்டினால் மதுவின் களி பிறப்பது போல, பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றும் என்கிறான். அவை பிரியும்போது பறை ஓசை கெடுவதுபோல அதுவும் கெடும் என்கிறான்.

மணிமேகலையை இயற்றிய சாத்தனார் பௌத்தர். பூதவாதி தோற்பதற்காகவே காப்பியத்துக்குள் வருகிறான். கண்ணால் கண்டதைத் தவிர வேறு எதையும் ஏற்கமாட்டேன் என்று சொல்பவனிடம், உன் தாய் தந்தை யார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை கேட்கிறாள். நல்ல அடி. ஆனால் அந்த அடி அவனுடைய அறிதல் முறை மீது விழுகிறதே தவிர, உவமைமீது விழவில்லை. மதுவும் பறையும் அடிபடாமல் அப்படியே நிற்கின்றன. நான் பல ஆண்டுகளாக அந்த இரண்டு உவமைகளுக்குள்தான் குடியிருக்கிறேன்.

பகுதிகளில் இல்லாத பண்பு முழுமையில் தோன்றுவதை இன்றைய தத்துவத்தில் 'எமர்ஜென்ஸ்' என்கிறார்கள். தமிழில் 'வெளிப்பாடு' என்றும் 'எழுச்சி' என்றும் எழுதுகிறார்கள். எனக்கு 'வெளிப்பாடு' ஒட்டவில்லை. வெளிப்பட வேண்டுமானால் முன்பே உள்ளே இருந்திருக்க வேண்டும், எள்ளுக்குள் எண்ணெய் இருப்பதைப்போல. சைவ சித்தாந்திகள் அப்படித்தான் சொல்வார்கள்: இல்லது வாராது, உள்ளது போகாது. காரியம் காரணத்துக்குள்ளேயே இருக்கிறது என்னும் சற்காரியவாதம் அது. பூதவாதி சொல்வதோ அதற்கு நேர் எதிரானது. அவன் வாயில் சாத்தனார் வைத்த வினைச்சொல் 'தோன்றிடும்'. நான் அதையே வைத்துக்கொள்கிறேன்: தோன்றல்.

இந்தச் சொல்லின் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கால ஐரோப்பியச் சண்டையும் இருக்கிறது. 1843-இல் ஆங்கிலத் தத்துவ ஆசிரியர் ஜான் ஸ்டூவர்ட் மில், ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எவ்வளவு ஆராய்ந்தாலும் தண்ணீரின் பண்பு கிடைக்காது என்று எழுதினார். 1875-இல் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் இத்தகைய விளைவுகளுக்கு இன்று வழங்கும் பெயரை வைத்தார். 1925-இல் கேம்பிரிட்ஜின் சி.டி.பிராட் அதை உச்சத்துக்குக் கொண்டுபோனார். இரண்டே ஆண்டுகளில் அடி விழுந்தது. 1927-இல் ஹைட்லர், லண்டன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஏன் பிணைகின்றன என்பதைக் குவாண்டம் இயற்பியலைக் கொண்டு கணக்கிட்டுக் காட்டினார்கள். வேதியியல் பிணைப்பு இனிப் புதிரில்லை என்றானது. தண்ணீரையும் உப்பையும் சான்றாக வைத்துப் பேசியவர்களின் காலடி மண் சரிந்தது. ஆச்சியின் சிவப்பும் அப்படித்தான்: பாக்கில் உள்ள பாலிஃபீனால் சேர்மங்கள் சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஆக்சிஜனேற்றம் அடைந்து சிவக்கின்றன. அதற்குமேல் அதில் மர்மம் எதுவும் இல்லை.

அப்படியானால் தோன்றல் என்பது நம் அறியாமைக்கு வைத்த பெயர்தானா? பல இடங்களில் ஆமாம் என்றே நினைக்கிறேன். புரியாத எதற்கும் இந்தச் சொல்லை ஓட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். செயற்கை நுண்ணறிவின் பெரிய மொழி மாதிரிகள் ஓர் அளவைத் தாண்டியதும் திடீரென்று புதிய திறன்களைப் பெற்றுவிடுகின்றன என்று 2022-இல் பரபரப்பாகப் பேசினார்கள். மதிப்பெண் போடும் முறையை மாற்றினால் அந்தத் திடீர்ப் பாய்ச்சல்களில் பல படிப்படியான ஏற்றமாகிவிடுகின்றன என்று அடுத்த ஆண்டே இன்னொரு குழு காட்டியது. 'தோன்றியது' என்று சொல்லிவிட்டால் விளக்கிவிட்டோம் என்று பொருளில்லை. எப்படித் தோன்றியது என்ற வேலை அங்கேதான் தொடங்குகிறது.

அந்த வேலையைத் தாதகிப் பூவிடமிருந்தே தொடங்கிப் பார்ப்போம். ஆயுர்வேத அரிஷ்டங்களிலும் ஆசவங்களிலும் நொதிப்பைத் தொடங்கிவைக்க இன்றும் இந்தப் பூவைச் சேர்க்கிறார்கள். பூவோடு ஈஸ்ட் வருகிறது. அது வெல்லத்தைத் தின்று சாராயம் ஆக்குகிறது. ஆக, பூதவாதியின் பானைக்குள் அவன் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் இருந்தது. உயிரற்றவற்றின் கூட்டத்தில் புதுமை பிறக்கும் என்று காட்ட அவன் எடுத்த உவமைக்குள்ளேயே உயிர் ஒளிந்திருந்தது. 1850-களின் இறுதியில் தொடங்கி லூயி பாஸ்டர் அதைத்தான் நிறுவினார்: உயிருள்ள செல் இல்லாமல் நொதிப்பு இல்லை. பூதவாதியின் எதிரிகள் அன்று இருந்திருந்தால் கொண்டாடியிருப்பார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1897-இல் ஜெர்மன் வேதியியலாளர் எடுவர்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்து சாறெடுத்தார். கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று அதில் சர்க்கரை போட்டுவைத்தார். சாறு நுரைத்தது. அதில் உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லை; ஆனாலும் சர்க்கரை சாராயமானது. செல்லுக்குள் இருந்த நொதிகளே போதுமாக இருந்தன. 1907-இல் அதற்காக அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. பூதவாதி கடைசியில் வென்றுவிட்டான், அவன் நினைத்த வழியில் அல்லாமல். பூவும் வெல்லமும் கூடினால் போதாது. நொதி எனும் நுட்பமான ஓர் ஒழுங்கு இடையில் நிற்க வேண்டும். எதை எதோடு கூட்டுகிறோம் என்பதைவிட எப்படிக் கூட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உவமையில் இன்னொரு சொல்லும் எனக்கு உறுத்துகிறது: களி. பானையில் உண்டாவது சாராயம் மட்டுமே. களிப்பு பானையில் உண்டாவதில்லை, குடிப்பவனிடம் உண்டாகிறது. உணர்வு எப்படித் தோன்றும் என்பதற்கு எடுத்துக்காட்டாக, ஏற்கெனவே உணர்வுள்ள ஒருவன் அடையும் அனுபவத்தையே பூதவாதி காட்டிவிட்டான். இதை அவனுடைய பிழை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. 1925-இல் பிராட் இதே இடத்தில்தான் நின்றார். எல்லாக் கணக்கும் போடத் தெரிந்த ஒரு தேவதூதனைக் கற்பனை செய்தார். அம்மோனியா மூலக்கூறின் அமைப்பை அந்தத் தூதன் முழுக்க அறிவான். ஆனால் அது ஒரு மனித மூக்கினுள் போகும்போது எப்படி மணக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல அவனால் முடியாது. பிராட் சொன்னதில் வேதியியல் பாதியைக் குவாண்டம் இயற்பியல் தின்றுவிட்டது. மணம் பற்றிய பாதியை இன்றுவரை யாரும் தின்று முடிக்கவில்லை.

சிவப்பு ஒன்று, காரம் ஒன்று. ஆச்சியின் நாக்கில் இருந்த சிவப்பை நான் பார்த்தேன். அவள் நாக்கில் இருந்த காரத்தை நான் பார்க்கவில்லை.

*

ஊரில் எங்கள் தோட்டத்து வேலியோரம், வேம்பின் அடியில் ஒரு புற்று இருந்தது. என் தோளுயரம். செவ்வாய், வெள்ளிகளில் பெண்கள் மஞ்சள் பூசிப் பால் ஊற்றிவிட்டுப் போவார்கள். உள்ளே நல்ல பாம்பு இருக்கிறது என்றார்கள். நான் ஒருநாளும் பார்த்ததில்லை. வண்டி திரும்ப இடம் போதவில்லை என்று தாத்தா ஒருமுறை புற்றின் ஒரு முகட்டை மண்வெட்டியால் சீவிவிட்டார். ஆச்சி நாள் முழுதும் அவரோடு பேசவில்லை. நான் உடைந்த வாயருகே போய் உட்கார்ந்தேன். உள்ளே தேன்கூடு மாதிரி அறைகள். பெரிய தலை உள்ள காவல் கரையான்கள் விளிம்பில் வந்து நின்றன. சற்று நேரத்தில் சிறியவை ஒவ்வொன்றாக வந்து, வாயில் கொண்டுவந்த ஈரமண் உருண்டையை வைத்துவிட்டுத் திரும்பின. மறுநாள் காலை ஓட்டை இல்லை. புது மண் மட்டும் கருமையாகத் தெரிந்தது.

வேலைக்காரக் கரையானுக்குக் கண் தெரியாது. புற்றின் வரைபடம் எந்தக் கரையானிடமும் இல்லை. ராணி என்று ஒருத்தி இருக்கிறாள். அவள் முட்டையிடுகிறாள், ஆணையிடுவதில்லை. பிரெஞ்சு உயிரியலாளர் பியேர்-பால் கிராஸே 1959-இல் இதற்கு ஒரு விளக்கம் சொல்லி, 'ஸ்டிக்மெர்ஜி' என்று பெயரும் வைத்தார். ஒரு கரையான் செய்த வேலையே அடுத்த கரையானுக்குக் கட்டளையாகிறது என்பது அதன் சாரம். முன்பு வைத்த உருண்டை அடுத்த உருண்டையைத் தன் அருகே அழைக்கிறது. குவியல் தூணாகிறது, பக்கத்துத் தூணை நோக்கி வளைகிறது, வளைவு கூரையாகிறது. பேசிக்கொள்வது கரையானும் கரையானும் என்பதைவிட, கரையானும் மண்ணும் என்பது பொருந்தும்.

அந்த மண் மூச்சுவிடவும் செய்கிறது. உள்ளே கரையான்கள் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம் இருக்கிறது. மழைக்குப் பிறகு புற்றுக் காளானாக வெளியே தலைநீட்டுவது அதுதான். அத்தனை உயிர்களும் பூஞ்சையும் விடும் கரியமில வாயு வெளியேறியாக வேண்டும். எல்.மகாதேவனும் சக ஆய்வாளர்களும் தென்னிந்தியப் புற்றுகளில் காற்றோட்டத்தை அளந்து 2015-இல் வெளியிட்டார்கள். பகலில் வெளிப்புற மெல்லிய விலாக்கள் வேகமாகச் சூடாகின்றன. அங்கே காற்று மேலேறுகிறது, நடுத்தண்டில் கீழிறங்குகிறது. இரவில் விலாக்கள் முதலில் குளிர்கின்றன, ஓட்டம் தலைகீழாகிறது. பகல் ஒரு திசை, இரவு மறு திசை. நுரையீரல் இல்லாத மூச்சு. எந்தக் கரையானும் அப்படி ஒரு மூச்சை நினைத்துப் பார்த்ததில்லை. அந்த மூச்சு இல்லாவிட்டால் எந்தக் கரையானும் பிழைத்திருக்கவும் முடியாது.

கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்ததுபோல என்று பழமொழி சொல்கிறோம். உழைத்தவன் ஒருவன், அனுபவிப்பவன் ஒருவன் என்ற ஆற்றாமையில் சொல்வது. எனக்கு அதில் வேறொன்று கேட்கிறது. புற்றைப் பார்த்தால் உள்ளே யாரையாவது குடிவைக்காமல் நம்மால் இருக்க முடிவதில்லை. பால் பாம்புக்குத்தான் ஊற்றினோம். கரையானுக்கு யாரும் ஊற்றியதில்லை. திருவாரூர் இறைவனின் பெயரே புற்றிடங்கொண்டார். உடம்பைப் பற்றியும் அப்படித்தான் பேசுகிறோம். உயிர் கூட்டை விட்டுப் போயிற்று என்கிறோம். கூடு தனியே கிடக்கப் பறவை பறந்ததைப் போன்றது உடம்போடு உயிருக்குள்ள நட்பு என்கிறது குறள். எவ்வளவு அழகான உவமை! ஆனால் புற்றைத் தோண்டிப் பார்த்தால் எத்தனையோ புற்றுகளில் பாம்பு இல்லை. பாம்பு இல்லாமலே அது கட்டப்படுகிறது, மூச்சு விடுகிறது, உடைந்தால் ஆறுகிறது. பாம்பு இருக்கும் புற்றிலும் பாம்பு வெறும் விருந்தாளிதான்; அது போய்விட்டாலும் புற்று புற்றாகவே இருக்கும்.

நான் யார் என்று கேட்டுக்கொள்ளும்போதெல்லாம் என்னையறியாமலே ஒரு பாம்பைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். மண்டைக்குள் எங்கோ ஓர் அறையில் ஒருவர் உட்கார்ந்து பார்க்கிறார், முடிவெடுக்கிறார், வருந்துகிறார் என்று. புற்றருகே உட்கார்ந்திருந்த அந்த எட்டு வயதுப் பையன்தான் எனக்கு இன்றும் சிறந்த ஆசிரியன். அவன் பாம்பைப் பார்க்கவில்லை, கட்டுமானத்தைப் பார்த்தான்.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. எண்ணிக்கைதான் மனத்தை உண்டாக்குகிறது என்று நினைப்பவர்கள் அடுத்த கணக்கைப் பார்க்க வேண்டும். அவற்றில் சுமார் 6,900 கோடி பின்தலையில் உள்ள சிறுமூளையில் இருக்கின்றன. நாம் சிந்தனைக்குப் பெயர்சொல்லும் பெருமூளைப் புறணியில் சுமார் 1,600 கோடிதான். ஆனால் சிறுமூளையே இல்லாமல் பிறந்து வாழ்ந்தவர்கள் உண்டு. 2014-இல் சீனாவில் ஓர் இளம்பெண்ணுக்கு அப்படி இருப்பது மருத்துவப் பரிசோதனையில் தெரியவந்தது. நடை தடுமாறியது, பேச்சு குழறியது. ஆனால் அவர் இருந்தார்: விழித்திருந்தார், உணர்ந்தார், வாழ்ந்தார். ஐந்தில் நான்கு பங்கு நியூரான்கள் இல்லாதபோதும் உணர்வு அணையவில்லை. சிறுமூளையின் நியூரான்கள் ஒன்றுக்கொன்று பேசாத தனித்தனிப் பாத்திகளைப்போல அடுக்கப்பட்டிருக்கின்றன. புறணியில் ஒவ்வொரு வாய்க்காலும் சுற்றிவந்து மற்றொன்றில் விழுகிறது. இதிலும் மீண்டும் அதே தாதகிப் பூதான். எவ்வளவு கூட்டினோம் என்பது முக்கியமில்லை.

சரி, இணைப்புகளின் வரைபடம் முழுதும் கையில் இருந்தால் போதுமா? மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவினத்தில், அறிவியலாளர்கள் 'சி. எலிகன்ஸ்' என்று அழைக்கும் உருளைப்புழுவில், நியூரான்கள் மொத்தம் 302. அவற்றின் இணைப்பு வரைபடம் 1986-இல் வெளிவந்துவிட்டது. வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் புழு அடுத்து என்ன செய்யும் என்று இன்றும் முழுதாகச் சொல்லிவிட முடியவில்லை. புற்றின் சுவர்களை அளந்துவிடலாம். மூச்சை அளக்க ஒரு பகலும் ஓர் இரவும் அங்கே உட்கார வேண்டும்.

*

மூன்று ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் மாலை மயக்க மருத்துவர் வந்து உட்கார்ந்து பேசினார். முழு மயக்கம் கொடுக்க வேண்டும் என்றார். அம்மா பயந்தது கத்திக்கு அல்ல, அந்த வார்த்தைக்கு. "தூங்குவது மாதிரிதானே டாக்டர்?" என்று கேட்டாள். அவர் ஆமாம் என்று சொல்லிச் சமாதானப்படுத்தியிருக்கலாம். சொல்லவில்லை. "தூக்கத்தில் தட்டினால் எழுந்துவிடுவீர்கள் அம்மா. இதில் நாங்கள் எழுப்பும்வரை எழமாட்டீர்கள்" என்றார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

இரண்டு மணி நேரம் வெளியே மர பெஞ்சில் இருந்தேன். கதவுக்கு அப்பால் அம்மாவின் இதயம் துடிக்கிறது, ரத்தம் ஓடுகிறது, மூளையின் நியூரான்கள்கூட ஓய்ந்துவிடவில்லை. எல்லாப் பகுதிகளும் அங்கேதான் இருக்கின்றன. அம்மா மட்டும் இல்லை. இதை முன்பு எத்தனையோ முறை படித்திருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது அடிவயிற்றில் இறங்கியது. குறளின் பறவையாக இருந்தால் அது இந்த இரண்டு மணி நேரம் எங்கே போயிருக்கும்? வார்டுக் கூரையில் உட்கார்ந்து காத்திருக்குமா? பறை ஓசையிடம் அப்படிக் கேட்க முடியாது. அடிப்பதை நிறுத்தினால் ஓசை எங்கும் போவதில்லை. மீண்டும் அடித்தால் எங்கிருந்தும் திரும்பி வருவதுமில்லை. பூதவாதிமேல் எனக்கு முதன்முறையாக அன்பு பிறந்தது அந்த பெஞ்சில்தான்.

மிலான் நகர ஆய்வாளர் மார்செல்லோ மாசிமினியும் ஜூலியோ டொனோனியும் உள்ளிட்ட குழு 2005-இல் வெளியிட்ட சோதனை அப்போது நினைவுக்கு வந்தது. தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு ஒன்றைப் புறணியின் ஒரு புள்ளிக்குள் செலுத்தினார்கள். அது எப்படிப் பரவுகிறது என்பதை மின்வாய்களால் பதிவு செய்தார்கள். பறையைத் தட்டி ஒலியைக் கேட்பது மாதிரிதான். விழித்திருப்பவரின் மூளையில் ஒரு புள்ளியில் விழுந்த தட்டு, அங்கிருந்து இன்னொரு பகுதிக்கு, அதிலிருந்து மற்றொன்றுக்கு என்று நொடியின் மூன்றில் ஒரு பங்கு நேரம் சுற்றிவந்தது. ஆழ்ந்த தூக்கத்தில் அதே தட்டு, தட்டிய இடத்திலேயே பலமாக எழுந்து அங்கேயே சட்டென்று அடங்கிவிட்டது. 2013-இல் அவர்கள் இந்த எதிரொலி எவ்வளவு சிக்கலானது என்பதை ஓர் எண்ணாக்கினார்கள். மயக்க மருந்துகளின் கீழும் அந்த எண் சரிந்தது. ஒவ்வொரு பகுதியும் தட்டினால் பதில் சொல்கிறது. ஆனால் ஒன்றின் பதிலை இன்னொன்று கேட்பதில்லை.

மயக்கம் என்ற சொல்லை அன்று வேறு மாதிரிக் கேட்டேன். 'நிலம்தீ நீர்வளி விசும்பொடு ஐந்தும் கலந்த மயக்கம் உலகம்' என்கிறது தொல்காப்பியம். அங்கே மயக்கம் என்றால் கலத்தல், ஒன்றோடொன்று கூடுதல். இலக்கண வகுப்பில் மெய்ம்மயக்கம் என்று படித்தோமே, மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வந்து கூடி நிற்பது, அதே பொருள். ஐந்தும் கலந்த அந்த மயக்கத்தில்தான் அம்மா இருக்கிறாள். மருத்துவமனையின் மயக்க மருந்து செய்வது அந்தக் கலப்பைக் குலைப்பதை. சேர்வதற்கும் நினைவிழப்பதற்கும் நம் மொழியில் ஏன் ஒரே சொல் என்று தெரிந்தவர்கள் விளக்கலாம். எனக்கு அந்தச் சொல்லை விட்டுக்கொடுக்க இப்போது மனமில்லை.

அறையை விட்டு வெளியே கொண்டுவந்தபோது அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "இன்னும் ஆரம்பிக்கவில்லையா?" என்று கேட்டாள். அவளுக்கு அந்த இரண்டு மணி நேரம் கறுப்பாகக்கூட இருக்கவில்லை. இருக்கவே இல்லை.

*

இங்கே ஒரு கடினமான கேள்வியைத் தாண்டிப்போனால் நேர்மையாக இருக்காது. கொரியாவில் பிறந்து அமெரிக்காவில் எழுதிய தத்துவ ஆசிரியர் ஜேக்வான் கிம் அதைக் கூர்மையாகக் கேட்டார். நியூரான்கள் அடுத்த நியூரான்களை இயக்குகின்றன. அதற்கு இயற்பியல் விதிகளே போதும். அப்படியானால் தோன்றிய மனத்துக்கு என்ன வேலை? அம்மா பயந்ததால் கேள்வி கேட்டாளா, அல்லது நியூரான்கள் தங்கள் போக்கில் ஓட, பயம் சும்மா மேலே மிதந்ததா? இரு மூளைப் பாதிகளின் ஆய்வுக்காக 1981-இல் நோபல் பெற்ற ரோஜர் ஸ்பெரி இதற்குச் சக்கரத்தைக் காட்டுவார். சரிவில் உருளும் சக்கரத்தின் ஒவ்வொரு அணுவும் தன் பாதையில் சுழல்கிறது. அந்தப் பாதை எது என்பதைத் தீர்மானிப்பது சக்கரத்தின் உருவம்.

எனக்குச் சக்கரத்தைவிடப் புற்று நெருக்கம். பொழுது சாயும்போது புற்றுக்குள் காற்று திசை மாறுகிறது. ஏன் என்று கேட்டால் விலாக்களின் மெல்லிய சுவரையும் நடுத்தண்டின் அகலத்தையும் சொல்லாமல் விடை சொல்ல முடியாது. ஒவ்வொரு மண் துகளும் இயற்பியலுக்குத்தான் கட்டுப்படுகிறது. உருவம் அதற்குமேல் ஒரு துளி விசையும் தருவதில்லை. ஆனால் அந்தக் காற்றோட்டத்தில்தான் கரையான்கள் பிழைக்கின்றன, கரையான்கள்தான் அடுத்த உருண்டையை வைக்கின்றன, அடுத்த உருண்டை எந்த இடத்தில் என்பதில் உருவத்தின் கை இருக்கிறது. கிம் இதைக் கேட்டால், உருவம் என்று நீ சொல்வது துகள்கள் இருக்கும் இடங்களின் தொகுப்பு மட்டும்தானே என்பார். ஆமாம் என்பேன். அந்த இடங்கள்தான் எல்லாம் என்பேன். இது அவருக்கு முழு விடையாகாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மாவின் பயம் மிதந்துபோன நுரை என்று என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பயம் ஒரு மருத்துவரை நாற்காலியில் பத்து நிமிடம் கூடுதலாக உட்காரவைத்தது.

மீதி இருப்பது பிராட் சொன்ன மணம், பூதவாதியின் களி. 1995-இல் தத்துவ ஆசிரியர் டேவிட் சால்மர்ஸ் இதற்குக் 'கடினமான சிக்கல்' என்று பெயரிட்டார். புற்றின் மூச்சை வெளியிலிருந்து அளக்கலாம். மாசிமினியின் எதிரொலியையும் வெளியிலிருந்து அளக்கலாம். இதுவரை மனிதர்கள் விளக்கிய தோன்றல்கள் எல்லாம் வெளியே நின்று பார்க்கக் கூடியவை. இது ஒன்று மட்டும் உள்ளே நின்று பார்ப்பது. அதனால் மீண்டும் பாம்பைக் குடிவைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. பாம்புக்குக் காரம் எப்படித் தெரிகிறது என்று அடுத்த கேள்வி வருமே தவிர, முதல் கேள்வி தீராது. ஐந்து பூதங்கள் என்ற கணக்கு மாறியிருக்கிறது, தாதகிப் பூவுக்குள் ஈஸ்ட்டும் ஈஸ்ட்டுக்குள் நொதியும் கிடைத்திருக்கின்றன. களி இன்னும் பானைக்கு வெளியேதான் நிற்கிறது. நான் பூதவாதியின் பக்கம்தான். அவன் சொன்னது முடிந்துபோன விடை என்று நினைக்காத ஒருவனாக அவன் பக்கம்.

சென்ற மாதம் சித்தி மகள் திருமணத்துக்கு ஊருக்குப் போனோம். பந்தி முடிந்து அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். பாக்கு உடம்புக்கு ஆகாது என்று நிறுத்தி ஆண்டுகள் பல. திருமண வீட்டில் மட்டும் ஒருமுறை. ஆச்சி செய்வது மாதிரியே இலையின் நரம்பைக் கிள்ளி, பின்புறம் சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் வைத்தாள். சற்று நேரம் கழித்து நாக்கை நீட்டச் சொன்னேன். இந்த வயதில் என்ன விளையாட்டு என்பதுபோலப் பார்த்துவிட்டு நீட்டினாள். நன்றாகச் சிவந்திருந்தது.

"காரமாக இருக்கிறதா அம்மா?"

"இலை இளசு. ஆனால் சுண்ணாம்பு கொஞ்சம் கூடிவிட்டது. நீ போட்டுப் பார்த்தால்தானே தெரியும்" என்று ஒரு வெற்றிலையை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.